பார்க்காமல் போட்ட உப்பு

போன வாரம் உயிர்ச்சான்று கொடுக்கப் போயிருந்தேன். பென்ஷன் வாங்குகிற நம் செட்டுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நாம் இன்னும் சாகவில்லை என்று வருஷத்துக்கு ஒரு தடவை போய் நின்று காட்ட வேண்டும். அங்கிருந்த பெண் என் கட்டைவிரலை மிஷினில் வைத்து அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆள்காட்டி விரலை வைத்தாள். அதற்கும் சிவப்புதான். பத்து விரலும் முடிந்த பிறகு, "ரேகை தேஞ்சி போயிருக்குதும்மா, நாளைக்கு வந்து பாருங்க" என்றாள். நாளைக்கு மட்டும் எங்கிருந்து ரேகை முளைக்கும் என்று கேட்க வாய் வந்தது. பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்க, புழுதியும் வியர்வையுமாக வீடு வந்து சேர்ந்தேன்.

மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "குரலே சரியில்லையே, சாப்பிட ஏதாவது ஆர்டர் போடட்டுமா?" என்றாள். அங்கே உட்கார்ந்தபடி ஆரணியில் என் வாசலுக்கு பிரியாணி வரவைக்கிற வித்தை அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்றேன். நாள் கெட்டுப் போனால் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எழுந்து போய் நொய்க் கஞ்சி வைத்தேன்.

செய்முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அரிசி மில் ஊரில் நொய்க்குப் பஞ்சமா? ஒரு கைப்பிடி நொய், அதில் பாதி வறுத்த பச்சைப்பயறு, தட்டிய பூண்டு நாலைந்து பல், கொஞ்சம் சீரகம், ஏழெட்டு வெந்தயம், தாராளமாகத் தண்ணீர். குக்கரில் வைத்தால் சீக்கிரம் ஆகும். நான் திறந்த பாத்திரத்தில்தான் வைப்பேன். அது தொப் தொப் என்று கொதிக்கிற சத்தத்திலேயே பாதி மனசு ஆறிவிடும். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் துவையல். முட்டி வலியும் தூக்கமின்மையும் உள்ள நம் வயதுக்கு இதைவிட நல்ல மருந்து இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். உப்பு மட்டும் கடைசியில் போட வேண்டும். அந்த உப்பைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. அந்த வருஷம் வைகாசியில் அம்மா இறந்துபோனாள். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் அவள் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் தெம்பு கிடையாது.

அப்பா பட்டு நெய்பவர். எங்கள் தெருவில் எல்லோருமே அப்படித்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அத்தை மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள். அப்பாவின் அக்கா அவள். இந்தத் தெருவில் பிறந்து, தேசூரில் நிலபுலமுள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். குரல் பெரிது, கை அதைவிடப் பெரிது. எங்களுக்குத் தலை வாரிவிட்டால் இரண்டு நாளைக்கு மண்டை வலிக்கும்.

"ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. நீ தறியில குந்திகினு இருந்தா இதுங்களுக்கு யாரு ஆக்கிப் போடறது?" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்க்கா."

"சுடுதண்ணி வெச்சிருக்கியாடா நீ எப்பனா? ஆடி முடியற வரைக்கும் பாரு. முடிஞ்சதும் வருவேன். வீடு வீடா இருந்தா பேசாம போயிடறேன். இல்லனா ரெண்டையும் இட்டுகினு போயிடுவேன். அப்பறம் நீ ஒண்ணும் பேசக்கூடாது."

அப்பா தங்கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த வயதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஆடி முடிவதற்குள் அப்பா சமைக்கக் கற்றுக்கொள்ளாவிட்டால் நாங்கள் தேசூருக்குப் போய்விடுவோம், அப்பா இந்த வீட்டில் ஒற்றையாக இருப்பார். அத்தையை ராட்சசி என்றே நினைத்துக்கொண்டேன். தாயில்லாத இரண்டு பிள்ளைகளை வளர்க்கத் தானாக முன்வந்தவளை அப்படி நினைத்தேனே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

அப்பாவுக்குச் சுத்தமாகச் சமைக்கத் தெரியாது என்று அத்தை சொன்னது முழுக்கச் சரியில்லை. அவருக்கு ஒன்றே ஒன்று தெரியும். அது பாவுக் கஞ்சி.

தறி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். புடவையின் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, வெயிலில் காயவைப்பார்கள். அப்போதுதான் இழைக்கு விறைப்பு வரும், நெய்யும்போது அறாது. அந்தக் கஞ்சியில் ஒரு பருக்கை இருக்கக்கூடாது. மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். முக்கியமாக உப்பு சேரவே கூடாது. உப்பு பட்டால் பாவு காயாது, பிசுபிசுத்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பட்டும் நைந்துவிடும்.

அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. பாவுக் கஞ்சியை ஆண்கள்தான் காய்ச்சுவார்கள். கஞ்சி கொதிக்கும்போது பெண்கள் அடுப்பிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். ஏதோ தீட்டு சமாச்சாரம் என்று நான் நினைத்திருந்தேன். பல பெண்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஒருநாள் அப்பாவிடமே கேட்டேன். "தீட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. பொம்பளைங்க கை, கஞ்சி கொதிக்கறதப் பாத்தா தானா உப்புக்குப் போயிடும். அதுங்களுக்கே தெரியாது. எந்தக் காலத்துலயோ யாரோ ஒருத்தி போட்டுட்டாளாம்" என்றார்.

இப்படி உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சிப் பழகிய மனிதர்தான் எங்களுக்காக முதல் தடவை உலை வைத்தார். நொய்யைக் கழுவினார், வேகவைத்தார், மசித்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், வேட்டித் துணியில் வடிகட்டினார். பருக்கையெல்லாம் துணியோடு போய்விட்டது. இரண்டு கிண்ணத்தில் வெள்ளையாக, வழவழவென்று ஏதோ வந்தது. தங்கை ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இது கோந்து" என்றாள்.

அப்பா தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "பாவுக்குன்னா நல்லா நிக்கும்" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். அம்மா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்த கையோடு அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போனார், திரும்பி வர நேரமாயிற்று.

மறுநாள் முதல் வடிகட்டுவதை விட்டார். பூண்டு போடக் கற்றுக்கொண்டார். பயறு போட்டார். துவையலை அம்மியில் அரைக்கும்போது குறுக்கே ஓடுகிற ஊடு நூலின் முறுக்கைத் தடவிப் பார்ப்பதுபோல் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார். எல்லாம் வந்துவிட்டது. உப்பு ஒன்றுதான் வரவே இல்லை.

அம்மா கல்லுப்பை ஒரு மர மரவையில் போட்டு அடுப்பின் வலது பக்கம் வைத்திருப்பாள். உள்ளே குழிந்து, வெளியே கறுத்து, எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும் அது. அவள் அதைப் பார்த்தே நான் கண்டதில்லை. எதையாவது பேசிக்கொண்டே கை போகும், வரும், அவ்வளவுதான். அப்பா அதை இரண்டு கையாலும் எடுத்து வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு கல்லை எண்ணுவார். இழை எண்ணிப் பழகிய ஆள் அல்லவா? "நேத்து இருவத்திரெண்டு கல்லு, கம்மியா இருந்துச்சி. இன்னிக்கி இருவத்தஞ்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவார். கல் ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று பொடியாக இருக்கும் என்கிற நியாயம் அவருக்கு உறைக்கவில்லை. ஒருநாள் கரிக்கும், ஒருநாள் சப்பென்று இருக்கும். நாங்கள் எல்லாவற்றையும் குடித்தோம். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்று இருவரும் ஒரே குரலில் சொல்வோம். தேசூர் பயம்.

எந்த நாளில் எண்ணுவதை நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். ஆடி பாதியில் ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, இன்றைக்கு எத்தனை கல் என்று அவர் சொல்லவில்லையே என்று தோன்றியது. கஞ்சி சரியாக இருந்தது. மறுநாளும் சரியாக இருந்தது. தங்கை இன்னொரு கரண்டி கேட்டாள். அப்புறம் அதை மறந்துவிட்டேன்.

ஆடி முடிகிற வாரத்தில் எங்கள் வீட்டுப் பாவு தயாரானது. ஆவணி முகூர்த்தத்துக்கான மூன்று புடவைகள், மூன்றும் அரக்கு நிறம். முந்தின நாள் பெய்த மழையில் கொல்லை அடுப்பு நனைந்து கிடந்தது. அதனால் அன்று காலையில் அப்பா பாவுக் கஞ்சியை வீட்டு அடுப்பிலேயே காய்ச்சினார். தெருவில் ஆறேழு ஆண்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் பாவுக்கு எல்லோரும் கை கொடுப்பது வழக்கம். எதிர்வீட்டுப் பெரியப்பாதான் அதில் மூத்தவர். எங்கள் வாசலிலிருந்து நாலு வீடு தாண்டிப் பாவு நீண்டு நின்றது. கஞ்சி பட்டுப் பட்டு அரக்கு நிறம் ஆழமாகிக்கொண்டே போவதைப் பார்க்க வாய் பிளந்து நிற்பேன். அத்தனை ஆயிரம் இழையும் தனித்தனியாக, ஒன்றை ஒன்று தொடாமல் நிற்கும். அதைப் பார்த்து வாய் பிளக்காதவர் யாராவது இருந்தால் அவருக்குக் கண் இல்லை என்றுதான் சொல்வேன்.

வெயில் ஏறியது, பாவு காயவில்லை. "ஆடிக் காத்துக்கு இந்நேரம் காஞ்சிருக்கணுமே" என்று பெரியப்பா முணுமுணுத்தார். அப்போதுதான் தெருக்கோடி வீட்டு ஆடு வந்து பாவை நக்கியது. விரட்டினார்கள். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நக்கியது. மறுபடி விரட்டினார்கள். குட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. விரலால் இழையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு கரிக்குது" என்றார்.

தெரு அப்படியே நின்றுவிட்டது. எல்லோருடைய பார்வையும் என் மேல் திரும்பியது. அந்த வீட்டில் பெண் என்று இருந்தது நானும் தங்கையும்தானே.

"பாப்பா, அடுப்பாண்ட போனியா?" என்றார் பெரியப்பா, கோபமில்லாமல்தான்.

எனக்குள் கணக்கு ஓடியது. நான் போட்டேன் என்றால் நாலு திட்டு. அப்பா போட்டார் என்றால் தேசூர். "நான்தான் பெரியப்பா போட்டேன்" என்றேன்.

"அவ இல்ல. அவ எழுந்திரிக்கவே இல்ல அப்ப" என்றார் அப்பா. "என்னைத் தவிர அடுப்பாண்ட யாரும் வரலை. நான்தான் போட்டிருக்கணும். எப்பன்னு தெரியலை."

"இருவது வருசமா கஞ்சி காய்ச்சற கையாச்சேப்பா" என்றார் பெரியப்பா. அப்பா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொண்டாட்டி போனதில் புத்தி கலங்கிவிட்டது என்று யாரோ பின்னால் மெல்லச் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று பயமாக இருந்தது.

பிறகு வீட்டுக்கு வீடு குடம் வந்தது. பெண்கள் தண்ணீர் இறைத்துக் கொடுக்க, ஆண்கள் பாவின் மேல் மெதுவாக ஊற்றி ஊற்றி உப்பைக் கழுவினார்கள். தெருவெல்லாம் சிவப்புத் தண்ணீர் ஓடியது. அந்தத் தண்ணீரை மிதித்துக்கொண்டுதான் அத்தை வந்தாள். சொன்ன சொல் தவறாமல், தேசூர் பஸ்ஸில்.

வாசலுக்கு வருவதற்குள் நாலு பேர் அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அவள் பாவை ஒரு தடவை பார்த்தாள். தறிக்காரர் வீட்டில் பிறந்தவள், அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நேராக உள்ளே வந்து என்னிடம், "ரெண்டு பேரு துணியையும் எடுத்து மடிச்சி வை, பாப்பா. மூணு மணி பஸ்ஸுக்குப் போயிடலாம்" என்றாள். குரல் அன்றைக்குச் சின்னதாக இருந்தது.

மடித்தேன். பாவாடை, சட்டை, அம்மாவின் புடவையைக் கிழித்துத் தைத்த துண்டு. தங்கை டிரங்குப் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள்.

பாவுக் கழுவல் ஒருவழியாக முடிந்து அப்பா உள்ளே வந்தார். வேட்டி முழங்கால் வரை சிவந்திருந்தது. மடித்து வைத்த துணிகளைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லுவார், சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவர் கை கால் கழுவிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

"இன்னாடா பண்ற?" என்றாள் அத்தை.

"புள்ளைங்க காலைலேருந்து ஒண்ணும் துன்னல. நீயும் பஸ்ஸுல வந்த. குடிச்சிட்டுப் போங்க."

அத்தை அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். நொய் கொதித்தது, பூண்டு வாசம் வீடெல்லாம் ஏறியது. அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். சின்னவளுக்கு வலது காதில் சீழ் வருகிறது, தலைக்கு ஊற்றினால் பஞ்சு வைக்க வேண்டும். பெரியவள் பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தேசூரில் எங்களை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே இருக்கும்போது அவர் வலது கை மட்டும் தனியாக மரவைக்குப் போனது. உப்பை எடுத்தது, கொதிக்கிற கஞ்சியில் போட்டது, வேட்டியில் துடைத்துக்கொண்டது. அவர் பேச்சும் நிற்கவில்லை, கண்ணும் அத்தையை விட்டு அகலவில்லை.

அத்தை நிமிர்ந்து நின்றாள். ஒரு கிண்ணத்தை எடுத்து, தானே ஊற்றி, நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"எத்தினி நாளா பாக்காம போடற?"

"எதைக்கா?"

"உப்பு."

அப்பா மரவையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். காலையிலிருந்து அவருக்குப் பிடிபடாமல் இருந்தது அந்த நிமிஷத்தில் பிடிபட்டது. அதை நான் அவர் முகத்தில் பார்த்தேன். "காலைல பாவுக் கஞ்சிக்கும் இப்படித்தான் போட்டுட்டேன் போலக்கீதுக்கா. எனக்குத் தெரியவே இல்ல" என்றார்.

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மிச்சக் கஞ்சியையும் குடித்து முடித்து, என் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, மடிச்சதெல்லாம் எடுத்து அதுங்க எடத்துல வை."

எனக்கு அன்றைக்கு அது முழுதாகப் புரியவில்லை, தேசூர் இல்லை என்பது மட்டும் புரிந்தது. இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. இருபது வருஷம் உப்பைத் தொடாமல் காவல் காத்த கை, எங்கள் இரண்டு பேருக்காக இரண்டே மாதத்தில் மாறிப்போயிருந்தது. மாறியது அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கே தெரியவில்லை. புத்தி கலங்கிவிட்டது என்று தெருவே சொன்ன விஷயத்தை, ஒரு வாய்க் கஞ்சியில் கண்டுபிடித்தாளே அத்தை, அதுவும் எனக்கு மலைப்புதான்.

மூன்று மணி பஸ்ஸுக்கு அத்தை தனியாகக் கிளம்பினாள். போகிற வழியில் எதிர்வீட்டு வாசலில் நின்று பெரியப்பாவைக் கூப்பிட்டாள். அப்போதுதான் அவளுடைய பழைய குரல் திரும்பியிருந்தது, தெருமுனை வரை கேட்டது.

"அண்ணா, இனிமே பாவுக் கஞ்சிக்கு எந்தம்பிய அடுப்பாண்ட சேக்காதீங்க. அவன் கை பொம்பள கை ஆயிப்போச்சி."

பெரியப்பா எங்கள் வாசலைப் பார்த்தார். "சரிம்மா" என்றார்.

மூன்று புடவையில் இரண்டுதான் தேறியது. அதற்குப் பிறகு அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் நெய்தார். எங்கள் பாவுக்குப் பெரியப்பா கஞ்சி காய்ச்சினார், அவருக்குப் பிறகு அவர் மகன் காய்ச்சினார். கஞ்சி கொதிக்க ஆரம்பித்ததும் யாராவது ஒருவர், "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்பார்கள். அப்பா மறுபேச்சு பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தள்ளி நிற்கிற பெண்கள் பக்கம் நடந்து போவார். அவர்கள் நகர்ந்து அவருக்கு இடம் விடுவார்கள்.